வீட்டில் ஒரு சுட்டி, மனதில் இன்னொன்று: அடுத்த குழந்தைக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடுத்த குழந்தையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சந்தர்ப்பங்களில்தான் எழுகிறது. ஒன்று, பிள்ளை அயர்ந்து தூங்கும்போது. அந்த முகத்தைப் பார்த்தால் இன்னும் நான்கு பெற்றுக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இன்னொன்று, அதே பிள்ளை கடை வாசலில் தரையில் புரண்டு அழும்போது. அப்போது இந்த ஒன்றே அதிகம் என்று தோன்றும். இரண்டுமே உண்மையான உணர்வுகள்தான், ஆனால் இரண்டு நேரமும் முடிவெடுக்க லாயக்கில்லாதவை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையோடு வாழ்கிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரே நாளில் பல தடவை வந்துபோகும்.

பார்க்க வேண்டியது ஒரு சாதாரண நாளை. யார் முதலில் எழுந்திருக்கிறார், யார் பல் தேய்த்துவிடுகிறார், சாப்பிட மறுக்கும் வாயில் யார் ஊட்டுகிறார், இரவில் அழுதால் யார் எழுந்து போகிறார்? அந்த நாளுக்குள் இன்னொரு குழந்தைக்கு எங்கே இடம் இருக்கிறது? இதைப் பார்க்காமல் விடுவதால்தான் பல தவறுகள் வருகின்றன. மீதிச் சில, உடம்பைக் கவனிக்காமல் விடுவதால்.

"துணைக்கு ஒன்று வேண்டாமா?"

இரண்டாவது குழந்தைக்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதற்குள் இரண்டு அனுமானங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒற்றைப் பிள்ளை ஏதோ ஒரு குறையோடுதான் வளரும் என்பது ஒன்று. டோனி ஃபால்போ, டெனிஸ் போலிட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒற்றைப் பிள்ளைகளைப் பற்றிய 115 ஆய்வுகளைத் திரட்டி அலசி 1986-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மற்றவர்களோடு பழகுவதில் ஒற்றைப் பிள்ளைகள் யாருக்கும் குறைந்தவர்களாகத் தெரியவில்லை. பெற்றோருடனான உறவிலும் சாதிக்க வேண்டும் என்ற முனைப்பிலும் அவர்கள் கொஞ்சம் முன்னாலேயே இருந்தார்கள். ஆகவே "தனியாக வளர்ந்தால் கெட்டுவிடும்" என்ற பயத்தில் முடிவெடுக்கத் தேவையில்லை.

இன்னொரு அனுமானம், பிறக்கப்போவது விளையாட்டுத் தோழன் என்பது. பிறந்த குழந்தை முதல் வருடம் பெரியவனின் எந்த விளையாட்டுக்கும் வராது. அதன் பிறகு பொம்மையைப் பிடுங்க வரும். பிற்காலத்தில் உயிருக்கு உயிராக இருக்கும் உடன்பிறப்புகளும் உண்டு, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களும் உண்டு. எது நடக்கும் என்று பெற்றோர் உத்தரவாதம் தர முடியாது. உங்களுக்கு இன்னொரு குழந்தை மேல் ஆசையாக இருக்கிறதா? அதுவே போதுமான காரணம். அந்த ஆசையை இரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்ட வேண்டாம்.

இதோடு சேர்ந்ததுதான் பிள்ளையிடமே அனுமதி கேட்பது. "உனக்குத் தம்பிப் பாப்பா வேணுமா?" என்று கேட்டால் வேண்டும் என்றுதான் சொல்லும். பலூன் வேண்டுமா என்று கேட்டாலும் அதையேதான் சொல்லும். பிறகு குழந்தை பிறந்து பெரியது முரண்டு பிடிக்கும்போது, "நீதானே கேட்டே?" என்று சொல்லிக் காட்டுவது அநியாயம்.

இடைவெளியைத் தப்பாகக் கணக்கிடுவது

"இரண்டு வயசு வித்தியாசம் இருந்தால் போதும்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அப்படியானால் முதல் பிள்ளைக்கு ஏறத்தாழ 15 மாதம் ஆகும்போதே கரு தங்கியிருக்க வேண்டும். நடக்கப் பழகி, நாளெல்லாம் நம்மைப் பின்னால் ஓட வைக்கும் மாதங்கள் அவை. மருத்துவர்கள் இடைவெளி என்று சொல்வது ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவில் உள்ள காலத்தை. நாம் எண்ணுவதோ இரண்டு பிறந்தநாள்களுக்கு நடுவில் உள்ளதை. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் கூட்டிய நிபுணர் குழு, ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்கு முயல்வதற்குக் குறைந்தது 24 மாதங்கள் காத்திருக்கப் பரிந்துரைத்தது. பிள்ளைகளின் வயது வித்தியாசமாகப் பார்த்தால் இது இரண்டே முக்கால் வருடம். கருச்சிதைவுக்குப் பிறகு என்றால் குறைந்தது ஆறு மாதங்கள்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதும் உண்மை. 35 வயதைத் தாண்டியவர்களுக்குக் காத்திருப்பதிலும் ஒரு விலை இருக்கிறது. வயது ஏற ஏறக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையும். அவர்கள் மருத்துவரோடு பேசி இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் முந்தையது சிசேரியன் என்றால் அவசரம் கூடாது. சீக்கிரமே மறுபடி கருவுற்று, அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயலும்போது, கர்ப்பப்பையின் பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் கூடுகிறது. ஆறு மாதத்துக்கும் குறைவான இடைவெளியை எந்த மருத்துவரும் விரும்ப மாட்டார்.

பால் கொடுத்தால் கரு தங்காது என்று நம்பிக்கொண்டிருப்பதும் ஒரு தவறுதான். இதில் பாதி உண்மை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது, குழந்தை இரவும் பகலும் தாய்ப்பாலை மட்டுமே குடிக்க வேண்டும், அதற்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் ஒருசேர இருந்தால் பாதுகாப்பு 98 சதவீதத்துக்கு மேல். ஒன்று தவறினாலும் அதை நம்ப முடியாது. தூங்கப்போகும்போது மட்டும் பால் குடிக்கும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் தாய்க்கு இந்தப் பாதுகாப்பு கிடையவே கிடையாது. முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடலாம் என்பதால், "இன்னும் வரவில்லையே" என்று இருந்துவிடவும் முடியாது.

ஏற்கெனவே ஒன்று பெற்றாயிற்று, உடம்புக்குப் பழகியிருக்கும் என்ற எண்ணம்

முதல் முறை மாத்திரை, பரிசோதனை என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள் இரண்டாவது முறை அசட்டையாகிவிடுகிறார்கள். பிள்ளையின் பின்னால் ஓடுவதில் தன் உடம்பு நினைவுக்கு வருவதில்லை.

ஃபோலிக் அமில மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். கரு உருவான முதல் 28 நாள்களுக்குள் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. கருவுற்றது தெரியவருவதற்குள்ளேயே அந்த நாள்கள் ஓடிப்போகும். அதனால் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பொதுவான அளவு தினம் 400 மைக்ரோகிராம். சிலருக்கு அதிகம் தேவைப்படும், அதை மருத்துவர் சொல்வார். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்து இரும்புச் சத்தைச் சரிசெய்துகொள்வதும் முன்கூட்டியே செய்ய வேண்டியது. ருபெல்லா, சின்னம்மைத் தடுப்பூசிகள் விட்டுப்போயிருந்தால் இப்போதே போட்டுக்கொள்ளலாம். அவற்றைக் கர்ப்ப காலத்தில் போட மாட்டார்கள். போட்ட பிறகும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும்.

சுட்டிப் பிள்ளை இருக்கும் வீடுகளுக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, பலரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சைட்டோமெகலோவைரஸ் என்ற கிருமி சின்னப் பிள்ளைகளிடம், குறிப்பாகக் காப்பகத்துக்குப் போய்வரும் பிள்ளைகளிடம், சகஜம். பிள்ளைக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இருக்காது, ஆனால் எச்சிலிலும் சிறுநீரிலும் மாதக்கணக்கில் கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். கர்ப்பிணித் தாய்க்குத் தொற்றி, அவரிடமிருந்து கருவுக்குப் போனால் சில குழந்தைகளுக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்படலாம். இதற்காகப் பிள்ளையிடமிருந்து தள்ளி இருக்க வேண்டியதில்லை. அது கடித்த மிச்சத்தைச் சாப்பிடாமல் இருப்பது, ஒரே ஸ்பூனைப் பகிராமல் இருப்பது, உதட்டில் முத்தமிடுவதற்குப் பதில் உச்சந்தலையில் முத்தமிடுவது, டயப்பர் மாற்றியதும் மூக்கைத் துடைத்துவிட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இவ்வளவுதான். மிச்சம் வைத்ததைத் தின்று முடிப்பதே மதிய உணவாகிவிட்ட தாய்மார்களுக்கு முதல் விஷயம்தான் கஷ்டம்.

கர்ப்பத்தின்போது பெரிய பிள்ளையைத் தூக்கலாமா, பால் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்குச் சிக்கலில்லாத கர்ப்பத்தில் பெரும்பாலும் இரண்டும் சரிதான் என்பதே பதில். பால் அளவும் சுவையும் மாறுவதால் பல பிள்ளைகள் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. முன்பு குறைப்பிரசவம் ஆகியிருந்தாலோ ரத்தப்போக்கு இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

முதல் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருந்ததா? அதை மறந்தும் மறைத்தும் விடுவதுதான் வழக்கமாக இருக்கிறது. அது அடுத்த முறையும் வரக்கூடும். முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவைத்தால் ஆரம்பத்திலேயே கவனிக்கலாம். அப்பாக்களுக்கும் இது வருவதுண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தடவை சுலபமாகத் தங்கியதால் இரண்டாவதும் அப்படியே என்றும் சொல்ல முடியாது. 35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம், அதற்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவருமே பரிசோதித்துக்கொள்வது நல்லது. "அதான் ஒன்று இருக்கிறதே" என்று சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் அந்த நேரத்தில் வலிக்கத்தான் செய்யும்.

யார் எழுந்து போவது?

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு இதுதான்: இப்போதுள்ள வேலைப் பங்கீட்டை அப்படியே வைத்துக்கொண்டு இன்னொரு குழந்தையைக் கொண்டுவருவது. ஒரு பிள்ளை இருக்கும்போது ஒருவர் கவனித்தால் இன்னொருவர் உட்கார முடியும். இரண்டானதும் அந்த வசதி போய்விடும். கைக்குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பெரியது நாற்காலி மேல் ஏறி நிற்கும்.

"நானும்தானே உதவி செய்கிறேன்" என்று சொல்கிறவருக்கும் எல்லாவற்றையும் செய்கிறவருக்கும் கண்ணில் படும் வேலைகள் வேறு வேறு. குளிப்பாட்டுவது கண்ணுக்குத் தெரியும். தடுப்பூசித் தேதியை நினைவு வைப்பது, சட்டை சிறியதாகிவிட்டதைக் கவனிப்பது, டயப்பர் தீர்வதற்குள் வாங்கிவைப்பது, காய்ச்சல் என்றால் யார் விடுப்பு எடுப்பது என்று யோசிப்பது, இவை கண்ணுக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்கு இருவரும் தனித்தனியாக எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். சண்டை போடுவதற்காக இல்லை. பட்டியலில் ஒரு பக்கம் நிரம்பி வழிகிறது என்றால் முதலில் அதை மாற்றுங்கள், சில மாதம் அப்படி வாழ்ந்து பாருங்கள், அப்புறம் அடுத்ததைப் பேசலாம். குழந்தை வந்ததும் தானாகச் சரியாகிவிடும் என்று காத்திருந்தால் சரியாகாது. தூக்கமில்லாத வீட்டில் யாரும் புதுப் பழக்கம் கற்றுக்கொள்வதில்லை.

இதே இடத்தில்தான் தூக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று முதல் இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் பிள்ளை அதில் எவ்வளவு தூங்குகிறது, ஒருவர் மட்டுமே தூங்கவைக்க முடிகிறதா? அம்மா இல்லாமல் தூங்காத பிள்ளை என்றால், அப்பாவும் தூங்கவைக்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துவது நல்லது. பிரசவத்துக்காக அம்மா வெளியே தங்கும் இரவில் அதைத் தொடங்குவது பிள்ளைக்கும் கொடுமை, அப்பாவுக்கும் கொடுமை.

அப்புறம், முதல் பிள்ளை சாது என்பதால் தைரியமாக இறங்குவது, அல்லது முதலாவது படுத்திய பாட்டைப் பார்த்துப் பயந்து விடுவது. இரண்டாவதின் குணத்துக்கு முதலாவது அளவுகோல் ஆகாது, அவ்வளவுதான்.

பெரிய பிள்ளையிடம் அவசரப்படுவது

பரிசோதனைக் கோடு தெரிந்த அன்றே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். இரண்டு வயதுக்கு "ஏழு மாசம் கழிச்சு" என்பது ஒரு பொருளும் இல்லாத சொல். தினமும் காலையில் பாப்பா வந்தாச்சா என்று கேட்டு ஏமாறும். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்தபின் சொன்னால் பிள்ளைக்குக் காட்டவாவது ஏதோ இருக்கும். அதற்கு முன்பே வேறு யாராவது அதன் காதுபடப் பேசிவிடக்கூடும் என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பிரசவத்தை ஒட்டி எல்லா மாற்றங்களையும் செய்வது இன்னொரு தவறு. தொட்டிலைப் பிடுங்கி, தனிப் படுக்கைக்கு மாற்றி, பால் நிறுத்தி, கழிப்பறைப் பழக்கமும் தொடங்கினால் புதுக் குழந்தையால்தான் எல்லாம் பறிபோயிற்று என்று பிள்ளை நினைக்காமல் வேறு என்ன நினைக்கும்? செய்ய வேண்டியதைப் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே செய்யுங்கள். முடியவில்லையா, பிறந்து வீடு ஓரளவு அடங்கிய பிறகு பார்க்கலாம். கழிப்பறைக்குப் போகப் பழகிய பிள்ளை தம்பியோ தங்கையோ வந்ததும் மறுபடி உடையில் நனைத்துக்கொள்வது சகஜம். திட்டாமல் விட்டால் பெரும்பாலும் தானாகத் திரும்பிவிடும். "நீ இப்போ பெரிய பையன்" என்று அதற்கு ஞாபகப்படுத்துவதால் ஒரு பயனும் இல்லை. அதற்கு இரண்டரை வயதுதான் ஆகிறது.

ஒருவருக்கு வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம்

இது நிறைய வீடுகளில் இருக்கிறது, வெளியே பேசுவது குறைவு. வேண்டும் என்பவர் விடாமல் கேட்பதும், வேண்டாம் என்பவர் பேச்சை மாற்றுவதும் வருடக்கணக்கில் ஓடும். இங்கே செய்யும் தவறு, வேண்டுமா வேண்டாமா என்பதோடு நின்றுவிடுவது. வேண்டாம் என்பவருக்கு எதில் பயம்? பணமா, வேலை போய்விடுமோ என்றா, முந்தைய பிரசவத்தின் நினைவா, துணை கைகொடுக்க மாட்டார் என்ற அனுபவமா? பணம் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைசிக் காரணம் என்றால் குழந்தையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அதைப் பற்றித்தான் பேச வேண்டும். உறவுக்காரர்கள் கேட்டால், "சொல்ல வேண்டியது இருந்தால் நாங்களே சொல்கிறோம்" என்று இருவரும் ஒரே பதிலைச் சொல்வது நல்லது. ஒருவர் சிரித்து மழுப்ப, இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இப்போது முடிவெடுக்க முடியவில்லை என்றால், ஆறு மாதம் கழித்துப் பேசலாம் என்று ஒத்திவைத்து, அதுவரை அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்கலாம். ஆனால் அந்த ஆறு மாதத்துக்கும் கருத்தடை முறை ஒன்று வேண்டும். பால் கொடுப்பவருக்குச் சில மாத்திரைகள் பொருந்தாது, ஆகவே எது சரி என்று மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள்.