அணியில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள ஆளுக்கு ஒரு பக்கம்

அணிக்குள் உரசல் என்றதும் பல மேலாளர்களுக்கு முதலில் தோன்றுவது ஒருநாள் சுற்றுலா. கயிறு இழுத்து, குரூப் போட்டோ எடுத்துத் திரும்புவார்கள். திங்கட்கிழமை அதே உரசல். மென்பொருள் அணிகளை நடத்தும் எனக்குப் பலன் தந்தது, ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னதுதான்.

கேள்விகள் இவை: எந்த நேரத்தில் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது? அவசரம் என்றால் எப்படிக் கூப்பிட வேண்டும்? என் வேலையில் தப்பு இருந்தால் எல்லோர் முன்னும் சொல்லலாமா, தனியாகவா? நான் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்?

கடைசிக் கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. எங்கள் டெஸ்டர் ஒருவர் கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். ஒத்துக்கொண்டார் என்று டெவலப்பர்கள் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். மறுநாள் காலை நீளமான ஆட்சேபம் மின்னஞ்சலில் வரும். "அங்கே தலையாட்டிவிட்டு இங்கே மாட்டிவிடுகிறார்" என்று முணுமுணுப்பு. அவர் தாளில் இருந்தது: "கேட்டவுடன் எனக்குப் பதில் வராது. விஷயத்தை முந்தின நாளே தந்தால் கூட்டத்திலேயே சொல்லிவிடுவேன்." அப்புறம் கூட்டக் குறிப்பை முந்தின மாலையே அனுப்பத் தொடங்கினோம். காலை மின்னஞ்சல்கள் அடியோடு நிற்கவில்லை, ஆனால் இரண்டு வரிக்குச் சுருங்கின.

தாளை முதலில் எழுதிப் படிக்க வேண்டியவர் அணித்தலைவர். அவர் மழுப்பினால் மற்றவர்களும் மழுப்புவார்கள். மூன்று நான்கு பேராக உட்கார்ந்து படியுங்கள். "ஏன் அப்படி?" என்று கேட்கலாம், "அது சரியில்லையே" என்று சொல்லக் கூடாது. வீட்டு விஷயத்தைக் கிளறாதீர்கள். தாள் மதிப்பீட்டுக் கோப்புக்குப் போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், போகவும் விடாதீர்கள்.

ஆனால் தாளில் வருவது நமக்கே தெரிந்த நம் குணம் மட்டும். உளவியலாளர்கள் ஜோசப் லஃப்ட்டும் ஹாரிங்டன் இங்காமும் 1955-இல் வகுத்த ஜோஹாரி சாளரம், நம்மைப் பற்றி நமக்கும் மற்றவர்களுக்கும் எது தெரியும், எது தெரியாது என்று நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறது. அதில் இன்னொரு கட்டம் உண்டு: மற்றவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. அதற்காக ஒரு மாதம் கழித்து, விருப்பப்பட்டவர்களின் தாளில் மட்டும் சக ஊழியர்களை ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். "மாலையில் உங்கள் பதில்கள் சுருக்கென்று இருக்கும்" என்பது போல, கண்ணால் பார்த்ததை மட்டும்.

ஆளுமைத் தேர்வுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. மையர்ஸ்-பிரிக்ஸ் தரும் 16 வகைகளில் ஒன்று கையில் கிடைத்ததும், "நான் இந்த டைப், அப்படித்தான் இருப்பேன்" என்று அதையே சாக்காக வைத்துக்கொள்கிறார்கள்.

இதைவிடப் பயனுள்ளது, அடிக்கடி மோதும் இருவரில் ஒருவரை அரைநாள் மற்றவர் பக்கத்தில் உட்காரவைப்பது. ஆலோசனை சொல்லாமல் பார்த்தால் போதும். அடுத்தவர் தாமதித்தால் சோம்பேறி, நாம் தாமதித்தால் வேலைப்பளு என்று நினைப்பது மனித இயல்பு. அந்தப் பளுவை நேரில் பார்த்தவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

ஒரே ஆளுக்கு இரண்டு மேலாளர்கள் முரணான வேலை கொடுத்து வந்த சண்டை என்றால், இதில் எதுவும் உதவாது. முதலில் அந்த மேலாளர்கள் இருவரையும் ஒரே அறையில் உட்காரவையுங்கள்.