டெபியனில் சொந்தமாக ஒரு லினக்ஸ் கெர்னல்: மூலநிரலில் இருந்து நிறுவும் முறை

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை நாமே கம்பைல் செய்தால், அதாவது மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற்றினால், கணினி பறக்கும் என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான். வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. டெபியன் தரும் கெர்னலில் இல்லாத வசதி ஒன்று வேண்டும், ஒரு பேட்ச்சைச் (மூலநிரலுக்கான திருத்தம்) சோதிக்க வேண்டும், அல்லது உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க ஆசை, இவற்றில் ஒன்று இருந்தால் தொடருங்கள். கீழே உள்ளது டெபியன் 13-க்கான முறை. கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.

1. முன்னேற்பாடு

வட்டில் 25 ஜிபி காலியாக இருக்கட்டும். நாம் கட்டும் கெர்னலில் கையொப்பம் இருக்காது என்பதால் செக்யூர் பூட் வசதியை (கையொப்பமுள்ளதை மட்டும் துவக்க விடும் பாதுகாப்பு) அணைக்க வேண்டும். அதே கணினியில் பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்ட விண்டோஸும் இருந்தால், அதன் மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அணைத்த பிறகு அது கேட்கும்.

டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக இவற்றை நிறுவுங்கள்: பில்ட்-எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி (bc), சிபிஐஓ, ஆர்சிங்க், டெப்ஹெல்ப்பர், லிப்என்கர்சஸ்-டெவ், லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எல்ஃப்-டெவ். ஏதாவது விடுபட்டால் பிழைச் செய்தியே பெயரைச் சொல்லிவிடும்.

2. மூலநிரல்

கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் 'லாங்டெர்ம்' என்று குறித்த 6.12 வரிசையை எடுங்கள். 2024 நவம்பரில் வந்தது; டெபியன் 13-ம் இதே வரிசையில்தான் ஓடுகிறது. உங்கள் ஹோம் அடைவிலேயே பிரியுங்கள், இதற்கு ரூட் உரிமை வேண்டாம். அடைவின் பெயரில் இடைவெளி இருந்தால், கம்பைல் வேலையை நடத்தும் மேக் கருவி மறுத்துவிடும்.

3. கட்டமைப்பு

மெனக்கெட வேண்டிய இடம் இதுதான். டெபியனின் கெர்னல் கல்யாணச் சமையல் மாதிரி, யார் வந்தாலும் பரிமாற ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் (தேவைப்படும்போது ஏற்றப்படும் டிரைவர் போன்ற துண்டுகள்) அதில் உண்டு. அத்தனையையும் கம்பைல் செய்ய மணிக்கணக்காகும். அதனால் பூட் அடைவில் உள்ள தற்போதைய கான்ஃபிக் கோப்பை மூலநிரல் அடைவுக்குள் 'டாட் கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுத்து, அங்கிருந்து இதைக் கொடுங்கள்:

மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்

ஸ்டீவன் ராஸ்டெட் எழுதிய இந்தக் கருவி, இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். ஆபத்தும் இதில்தான்: இப்போது செருகாதது எதுவும் புதிய கெர்னலில் வேலை செய்யாமல் போகலாம். ஆகவே கட்டளைக்கு முன்பே பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ் எல்லாவற்றையும் ஒருமுறை செருகுங்கள். விபிஎன், டாக்கர் இருந்தால் ஓட விடுங்கள். இடையில் கேள்வி கேட்டால் என்டர் போதும்.

அடுத்து, மேக் மெனுகான்ஃபிக். கெர்னல் வசதிகளின் பட்டியல் திறக்கும். நட்சத்திரம் என்றால் கெர்னலுக்குள்ளேயே, எம் என்றால் மாட்யூலாக, காலி என்றால் கிடையாது. ஜெனரல் செட்டப்பில் லோக்கல் வெர்ஷன் என்ற இடத்தில் ஹைபனுடன் உங்கள் அடையாளம் ஒன்றைச் சேருங்கள். கெர்னல் ஹேக்கிங் பகுதியில் டீபக் இன்ஃபர்மேஷனை (பிழை தேட உதவும் கூடுதல் தகவல்) அணைத்தால் நேரமும் இடமும் ஏராளமாக மிச்சம்.

4. கம்பைல்

மேக் -ஜே8 பின்டெப்-பிகேஜி

எட்டுக்குப் பதில் உங்கள் ப்ராசஸரின் கோர் எண்ணிக்கை. ரேம் 4 ஜிபிதான் என்றால் இன்னும் குறையுங்கள். பிழை வந்தால் கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை. பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் உண்மையான காரணம் மேலே எங்கோ புதைந்திருக்கும். -ஜே இல்லாமல் மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பிழையில் போய் நிற்கும். சான்றிதழ்க் கோப்பைக் காணோம் என்று புலம்பினால், கிரிப்டோகிராஃபிக் ஏபிஐ பகுதியில் அந்தக் கோப்பின் பெயரை அழித்துவிடுங்கள். உபுண்டு கான்ஃபிக்கில் இது வழக்கமான தொல்லை.

5. நிறுவுதல்

ஓர் அடைவு மேலே போனால் டெப் கோப்புகள் (டெபியனின் நிறுவல் பொதிகள்) இருக்கும். லினக்ஸ்-இமேஜ், லினக்ஸ்-ஹெடர்ஸ் இரண்டை மட்டும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் மூலம் நிறுவுங்கள், லிப்சி-டெவ் தேவையில்லை. இனிட்ராம்எஃப்எஸ் (துவக்கத்தில் கெர்னலுக்கு உதவும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு), கிரப் (துவக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்க உதவும் மெனு) பட்டியல் இரண்டும் தானாகவே புதுப்பிக்கப்படும். பலர் நேரடியாக மேக் இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை: அந்தக் கோப்புகள் ஆப்ட்டின் கணக்கில் வராது, பிறகு ஒவ்வொன்றாகத் தேடித்தான் அழிக்க வேண்டும்.

ரீபூட் செய்து, ஓடும் கெர்னலின் பெயரைக் காட்டும் யூநேம் -ஆர் கொடுங்கள். நீங்கள் சேர்த்த அடையாளம் தெரிந்தால் வேலை முடிந்தது. திரை கருப்பாகவே நின்றால், கிரப்பின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே வந்து, புதியதை ஆப்ட் பர்ஜ் செய்து முழுவதுமாக நீக்கலாம். பழையதை மட்டும் நீக்கிவிடாதீர்கள்.

இந்தக் கெர்னலுக்கு டெபியனின் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராது. 6.12 வரிசையில் அடுத்த வெளியீடு வந்ததும் அதைப் பிரித்து, இதே டாட் கான்ஃபிக்கை நகலெடுத்து, மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக் (புதிய தேர்வுகளுக்கு இயல்பு மதிப்பை நிரப்பும்) கொடுத்துவிட்டு நான்காம் படியிலிருந்து தொடங்குங்கள்.