தீயணைப்பு வண்டி உங்கள் கட்டடத்தைச் சுற்றி வருமா? டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள்

பிளான் அப்ரூவல் வாங்கும் நாளில் எல்லாக் கட்டடத்தைச் சுற்றியும் வழி இருக்கும். ஆள் குடிவந்த பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். பக்கவாட்டில் பைக் நிறுத்த ஒரு தகரக் கூரை, பின்பக்கம் ஜெனரேட்டர், கேட் ஓரத்தில் பூந்தொட்டி வரிசை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தப்பாகத் தெரியாது. திருநெல்வேலியில் பெருமாள்புரத்திலோ மகாராஜ நகரிலோ பிளாட் அசோசியேஷன் செயலாளராக இருப்பவர், வண்ணார்பேட்டைப் பக்கம் மண்டபம் நடத்துகிறவர், டவுனில் நாலு மாடிக் கடை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் அந்த வழியை ஒரே ராத்திரியில் அளந்து முடித்துவிடலாம்.

30 மீட்டர் டேப், 9 மீட்டர் நீளக் கயிறு, சாக்பீஸ், அப்ரூவல் ஆன பிளானின் நகல், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள். இவ்வளவு போதும். நேரம்தான் முக்கியம். காலை பதினொரு மணிக்கு அளக்காதீர்கள். அப்போது கார் எல்லாம் ஆபீஸ் போயிருக்கும், வளாகம் மைதானம் மாதிரி இருக்கும். ராத்திரி ஒன்பதுக்கு மேல், எல்லா வண்டியும் வீடு திரும்பிய பிறகு அளந்தால்தான் உண்மை தெரியும்.

படி 1: எந்த விதி உங்களுக்கு?

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் (2016) நான்காம் பகுதி தீப் பாதுகாப்பைப் பற்றியது. 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளதை அது உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் அந்தக் கோடு 18.30 மீட்டர். நான் கீழே தரும் அளவுகள் தேசியத் தொகுப்பில் உயரக் கட்டடங்களுக்குச் சொன்னவை. உங்கள் கட்டடம் அந்த 15 மீட்டரைவிடக் குட்டையாக இருந்தால் இவை அப்படியே உங்களைக் கட்டுப்படுத்தாது. உங்கள் பிளானில் காட்டியிருக்கும் திறந்தவெளி அளவுதான் உங்களுக்குச் சட்டம். இருந்தாலும் ஒப்பிட்டுப் பாருங்கள், வண்டியின் அகலம் கட்டடத்தைப் பார்த்து மாறப்போவதில்லை.

படி 2: ரோட்டிலிருந்து கேட் வரை

கட்டடத்துக்கு முன்னால் உள்ள சாலை 12 மீட்டர் அகலம், நுழைவாயில் 6 மீட்டர் அகலம். தூணுக்குத் தூண் அளந்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். கேட்டை முழுசாகத் திறந்து வைத்து, நடுவில் மிச்சம் இருக்கும் இடைவெளியை அளக்க வேண்டும். கதவு மதில் பக்கம் ஒட்டி மடங்க வேண்டும் என்று விதி சொல்வது இதற்காகத்தான்.

வாசலில் ஆர்ச் இருந்தால் அதன் அடியில் 4.5 மீட்டர் உயரம் தேவை. இங்கே ஒரு வில்லங்கம் உண்டு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போடுகிற ஊர் நம் ஊர். ஆர்ச் கட்டிய வருடம் சரியாக இருந்த உயரம், இரண்டு முறை தார் போட்ட பிறகு குறைந்திருக்கும். அதனால் பிளானில் உள்ள எண்ணை நம்பாமல், இன்றைய தரையிலிருந்து அளந்து பாருங்கள். குறுக்கே தொங்கும் கேபிள் டிவி வயரையும் கணக்கில் சேருங்கள்.

படி 3: கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை

இதுதான் பெரிய வேலை. நான்கு பக்கமும் வண்டி ஓடக்கூடிய 6 மீட்டர் திறந்தவெளி, திரும்ப 9 மீட்டர் ஆரம். சுவரிலிருந்து மதில் வரை அளந்துகொண்டே போங்கள். படிக்கட்டு நீட்டல், ஏசி அவுட்டோர் யூனிட், ஈபி பெட்டி, வேப்பமரம், எது குறுக்கே வந்தாலும் அந்த இடத்தில் மிச்சமுள்ள அகலத்தைச் சாக்பீஸால் தரையில் எழுதுங்கள். ஆகக் குறைந்த எண் எங்கே இருக்கிறதோ, உங்கள் வழியின் உண்மையான அகலம் அவ்வளவுதான். மற்ற மூன்று பக்கமும் பத்து மீட்டர் இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

"வண்டி இரண்டரை மீட்டர்தானே, எதற்கு ஆறு?" என்று அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். குழாய்ச் சுருள்களும் கருவிகளும் வண்டியின் பக்கவாட்டு அறைகளில் இருக்கின்றன. ஷட்டரைத் தூக்கி அவற்றை எடுக்க ஆள் நிற்க இடம் வேண்டும். அதே நேரத்தில் கட்டடத்திலிருந்து ஜனம் வெளியே ஓடி வர வேண்டும். ஏணி வண்டி என்றால் நிலைத்து நிற்கப் பக்கவாட்டில் கால் ஊன்ற வேண்டும். மதில் ஓரமாக ஒரு வரிசை கார் நிறுத்தினாலே இரண்டு மீட்டர் போய்விடும். மிச்சத்தில் வண்டி நுழையும், வேலை செய்ய முடியாது.

திருப்பத்தைப் பார்க்க, கயிற்றின் ஒரு நுனியை ஒருவர் அசையாமல் பிடிக்க, மறு நுனியில் சாக்பீஸைக் கட்டி வளைவு போடுங்கள். அந்த வளைவு மதிலில் முட்டினால் வண்டியும் முட்டும். வண்டியின் மூக்கு சக்கரத்தைத் தாண்டி நீண்டிருக்கும் என்பதால் கோட்டுக்கு வெளியேயும் கொஞ்சம் இடம் வேண்டும். இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. கோடையில் தண்ணீர் லாரி வரும்போது டிரைவரிடம், "அண்ணாச்சி, ஒரு தடவை கட்டடத்தைச் சுத்தி வந்துட்டுப் போங்க" என்று கேளுங்கள். அவர் எந்த மூலையில் பிரேக் போட்டு எட்டிப் பார்க்கிறார் என்று கவனித்தால் போதும்.

படி 4: தரைக்கு அடியில்

வழி கெட்டியாக, 45 டன் எடையுள்ள வண்டியைத் தாங்கும்படி இருக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் சாதாரணத் தண்ணீர் வண்டி அவ்வளவு கனம் இல்லை, ஆனால் அதில் இருக்கும் 4,500 லிட்டர் தண்ணீர் மட்டுமே நாலரை டன். செப்டிக் டேங்க், சம்ப் ஆகியவற்றின் மூடிகள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். வழியில் இருந்தால் பொறியாளரை அழைத்துக் கேளுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

முடுக்குக்குள் வீடு என்றால்

டவுனில் ரத வீதிகளிலிருந்து பிரியும் முடுக்குகளிலும், மேலப்பாளையத்தின் பழைய தெருக்களிலும் இந்த அளவெல்லாம் நடக்காது. வண்டி அகலமான தெருவிலேயே நிற்கும், குழாய்தான் உள்ளே வரும். அப்படியானால் உங்கள் வேலை வேறு: வண்டி நிற்கக்கூடிய முக்கிலிருந்து உங்கள் வாசல் வரை எத்தனை மீட்டர் என்று அளந்து வையுங்கள். தண்ணீர் ஏறிய குழாய் கனமானது, கூர்மையான மூலையில் மடங்கினால் தண்ணீர் குறையும். முடுக்குத் திருப்பத்தில் பைக் நிறுத்தாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கொடை, கல்யாணப் பந்தல்

நெல்லைச் சீமையில் வருடம் முழுக்கச் சரியாக இருக்கும் தெருகூடக் கோயில் கொடைத் திருவிழா நாளில் அடைபட்டுவிடும். தெரு முழுக்கப் பந்தல், நடுவில் வில்லிசை மேடை, இரு முனையிலும் சீரியல் செட் வளைவு. பந்தல்காரரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். வளைவு 4.5 மீட்டர் உயரத்துக்குக் கீழே வரக் கூடாது. மேடையை ஒரு ஓரமாகத் தள்ளி, மறுபக்கம் நான்கு மீட்டராவது விட வேண்டும். நான்கு என்பது விதி அல்ல, என் கணக்கு. கால் நட்ட பிறகு சொன்னால் யாரும் பிடுங்க மாட்டார்கள். சமையல் கூடாரத்தையும் சிலிண்டரையும் அந்த வழியில் வைக்காதீர்கள்.

கடைசியாக, ஆள் ஏற்பாடு

குறித்த இடங்களில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு, 'தீயணைப்பு வண்டி வழி, நிறுத்தாதீர்' என்று எழுதுங்கள். தீயணைப்புக் குழாயை மாட்டும் சிவப்பு இணைப்பு வாய் வெளிச்சுவரில் இருந்தால் அதன் முன்னால் எதுவும் நிற்கக் கூடாது. வாட்ச்மேன் டீ குடிக்கப் போகும்போது கேட் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முடிவு செய்து எழுதி ஒட்டுங்கள். 101 அல்லது 112க்குப் போன் செய்யும்போது முகவரியோடு நிறுத்தாமல், "பின்பக்கக் கேட் வழியாக வாங்க, முன்பக்கம் ஆர்ச் தாழ்வு" என்று வழியையும் சொல்ல வேண்டும். இந்த வரியைப் போன் நம்பருக்குக் கீழேயே எழுதி வைத்துவிட்டால் பதற்றத்திலும் யாராவது வாசித்துவிடுவார்கள். ஒருவர் டார்ச்சோடு முக்கில் போய் நிற்கட்டும்.