வைஃபை மந்தமாவது எதனால்? படிப்படியாகக் கண்டறியும் முறை

சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் காணொளி விட்டுவிட்டு ஓடுகிறதென்றால், குறை பெரும்பாலும் சிக்னலின் வலிமையில் இருப்பதில்லை. வைஃபையில் ஒரு சேனலில் (அலைவரிசையின் ஒரு துண்டில்) பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை தம் முறைக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எங்கே உண்டாகிறது என்று தேடும் வரிசையில்தான் இப்படிகளை அமைத்திருக்கிறேன். ரூட்டரின் அமைப்புப் பக்கத்திற்குள் நுழையத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: இணைய இணைப்பையும் வைஃபையையும் பிரித்து அளவிடுங்கள்

லேப்டாப்பை ஈதர்நெட் கேபிள் மூலம் ரூட்டருடன் இணைத்து வேகத்தைப் பாருங்கள். கேபிளிலும் அதே மந்தம் என்றால் வைஃபையைத் தொட வேண்டியதில்லை. உலாவியில் ஓடும் வேகச் சோதனைகளைவிட, இரு கணினிகளுக்கிடையிலான வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியையே நான் விரும்புகிறேன். கேபிளில் ஒரு கணினியும் வைஃபையில் ஒரு கணினியும் இருந்தால், வெளி இணையம் குறுக்கிடாமல் வைஃபையை மட்டும் அளந்துவிடலாம். கணினி காட்டும் இணைப்பு வேகத்தில் பாதியைச் சற்றுத் தாண்டினாலே அது நல்ல நிலைதான்.

படி 2: சிக்னலை எண்ணாகப் பாருங்கள்

மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை குறியைச் சொடுக்கினால் சிக்னலும் இரைச்சலும் டிபிஎம் அளவில் தெரியும் (சிக்னலின் எண் பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க வலிமை அதிகம்). ஆண்ட்ராய்டில் ஏதேனும் ஒரு வைஃபை அனலைசர் செயலி போதும். -50 மிக நன்று. -67 வரை காணொளி அழைப்புக்குத் தாங்கும். -80க்குக் கீழே போனால் ரூட்டரின் இடத்தை மாற்றுங்கள். கான்கிரீட் சுவர், இரும்பு அலமாரி, நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி ஆகியவற்றின் பின்னால் ரூட்டரை வைக்கக் கூடாது.

படி 3: சேனலைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் வழுக்கும் இடம் இதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுத்தடுத்த சேனல்களின் மையங்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி; ஆனால் ஒரு சேனல் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனவே 1, 6, 11 ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தலாம். அனலைசரில் 1இலும் 6இலும் வளைவுகள் நெருக்கியடித்து நிற்க, நடுவிலுள்ள 3 காலியாகத் தெரியும். அங்கே போகாதீர்கள். ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு வழிவிட்டுக் காத்திருக்கும். 3இல் உட்கார்ந்த ரூட்டருக்கோ இருபுறத்துப் பேச்சும் வெறும் இரைச்சலாகவே வந்து சேரும், அதன் பேச்சும் அவற்றுக்கு அப்படியே. தரவுப் பொட்டலங்கள் சிதைந்து, மீண்டும் மீண்டும் அனுப்பப்படும். ரூட்டருக்குப் பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுத்துப் பார்த்தால், சீராக வரும் பதில்களுக்கிடையே ஏதோ ஒன்று மட்டும் பன்மடங்கு தாமதித்து வருவதைக் காணலாம். நெரிசல் இருந்தாலும் மூன்றில் ஒன்றிலேயே, சிக்னல்கள் குறைவாக உள்ள சேனலில் இருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. ஆகவே முடிந்த கருவிகளையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவதே என் பரிந்துரை.

படி 4: சேனலின் அகலத்தைக் குறையுங்கள்

2.4இல் 20 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாதீர்கள். 5இல் 80 பொதுவாகப் போதும்; நெரிசலென்றால் 40. அகலத்தை இரட்டிப்பாக்கும்போது உள்ளே வரும் இரைச்சலும் 3 டெசிபல் கூடுகிறது என்பதால், தொலைவிலுள்ள அறையில் 160 வைப்பது பயனற்றது. ரூட்டரை மறுதொடக்கம் செய்தபின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் ஒரு நிமிடம் தென்படாவிட்டால் பதற வேண்டாம். ரேடார்களும் பயன்படுத்தும் சேனல்களில், ரேடார் ஒலிக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே ரூட்டர் பேசத் தொடங்கும்.

படி 5: ரிப்பீட்டரைக் கடைசியில் யோசியுங்கள்

ஒற்றை ரேடியோ கொண்ட ரிப்பீட்டர் ஒவ்வொரு பொட்டலத்தையும் அதே சேனலில் வாங்கி, மீண்டும் அனுப்புவதால் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். கேபிள் இழுத்து ஓர் அக்சஸ் பாயின்ட் (கேபிள் வழியே வரும் இணைப்பை வைஃபையாகத் தரும் கருவி) வைப்பதே மேல்.

பிற்சேர்க்கை: ஐபோனில் அனலைசர் செயலிகள் அக்கம்பக்கத்துச் சேனல்களைக் காட்டுவதில்லையே என்று சிலர் கேட்டிருந்தனர். ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டி செயலியை நிறுவி, ஐபோன் அமைப்புகளில் அதற்கான பக்கத்தில் வைஃபை ஸ்கேனரை இயக்கினால் சேனல் எண்கள் தெரியும். வெளிப்புற ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் வேகம் சரிகிறது என்பது மற்றொரு கேள்வி. யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுபவை. டிஸ்கை நீளமான, நன்கு உறையிட்ட கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது கணினியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.