ஏழு மணிக்குக் கட்டி ஒரு மணிக்குத் திறக்கிற டப்பா

எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு மேடையில் நான்கு டப்பாக்கள் வரிசையாக நிற்கும். இரண்டு பள்ளிக்கூடத்துக்கு, ஒன்று வீட்டுக்காரருக்கு, ஒன்று எனக்கு. இத்தனை வருடம் கட்டியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். நாம் ருசி பார்ப்பது ஏழு மணிக்கு, அவர்கள் சாப்பிடுவது ஒரு மணிக்கு. நடுவில் ஓடுகிற ஆறு மணி நேரத்தைக் கணக்கில் எடுக்காததால் பாதித் தவறுகள் நடக்கின்றன. மீதிப் பாதி, சிக்கனம் என்றால் சோற்றைக் கூட்டி மற்றதைக் குறைப்பது என்று நினைப்பதால்.

முதலில் மூடியைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில், ஆவி பறக்கிற எலுமிச்சை சாதத்தை அள்ளிப் போட்டு, கரண்டியால் அழுத்தி, மூடிவிடுவோம். ஆவி மூடியில் முட்டி, நீராகி, மறுபடி சோற்றிலேயே சொட்டும். "சோறு வேர்த்துப் போயிருந்துச்சும்மா" என்று என் பெண் பாதி டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. மூடியைத் திறந்ததும் ஒரு புழுங்கல் வாடை. அன்றிலிருந்து கலந்த சாதத்தை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் வைத்து, ஆவி அடங்கிய பிறகுதான் டப்பாவில் போடுகிறேன். அதற்காகவே சமையலைக் கால் மணி நேரம் முன்னால் தொடங்க வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை.

ராத்திரி மீந்த சோற்றை அடுப்பு மேடையிலேயே வைத்திருந்து, காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாக்குவதும் பல வீடுகளில் நடக்கும். மிச்சம் பிடிப்பதாக நினைப்பு. அரிசியில் இருக்கிற பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் விட்டால் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சுகிற சோறு ஆறியதும் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். டப்பாவுக்கு அன்றைக்கு வடித்த சோறுதான்.

கலந்த சாதத்திலும் எல்லாம் ஒரே மாதிரி தாங்காது. புளி, எலுமிச்சை போட்டவை மதியம் வரை நிற்கும். தேங்காய்ச் சாதத்தைச் சித்திரை, வைகாசி வெயிலில் நான் கட்டுவதே இல்லை. தொட்டுக்கொள்ள அரைக்கிற பச்சைத் தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான், பதினோரு மணிக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். இட்லி, தோசை கட்டினால் மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்துத் தடவிவிடலாம். இல்லாவிட்டால் பருப்பு வறுத்து, புளி வைத்து, கெட்டியாக அரைத்த துவையல். எலுமிச்சைச் சாற்றை மட்டும் அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதித்தால் கசக்கும்.

தயிர் சாதம்தான் அதிகம் தப்பாகிற டப்பா. காலையிலேயே நிறையத் தயிரை ஊற்றிப் பிசைந்தால் மதியம் பல் கூசுகிற புளிப்பு. சோற்றைக் குழைய வேகவிட்டு, சூடாக இருக்கும்போதே மசித்து, வெதுவெதுப்பாக ஆறியதும் காய்ச்சின பால் ஒரு டம்ளர் ஊற்றி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் விட்டால் போதும். வெயில் காலமென்றால் அரை ஸ்பூன். டப்பாவுக்குள்ளேயே பால் உறைந்து, ஒரு மணிக்குப் புதுத் தயிர் சாதமாக இருக்கும். கலக்கும்போது 'என்ன இது, இப்படித் தண்ணியாக இருக்கிறதே' என்று தோன்றுகிற பதம்தான் சரியான பதம். மதியத்துக்குள் சோறு அந்தப் பாலை எல்லாம் குடித்துவிடும். பச்சை வெங்காயம் வேண்டாம், பக்கத்துப் பெஞ்சு வரை வாடை போகும்.

சரி, வயிறு நிறைகிற விஷயத்துக்கு வருகிறேன். தக்காளி சாதம், தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். பிள்ளைகள் கைதட்டுகிற டப்பா இதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் மாவுச்சத்துக்கு மாவுச்சத்தே துணை என்றால் மூன்று மணிக்கு மறுபடி பசிக்கிறது. வீட்டுக்காரர் அந்த நேரத்தில் பேக்கரியில் டீயும் ஒரு பப்ஸும் சாப்பிட்டுவிட்டு வருவார். வீட்டில் மிச்சம் பிடித்த காசு அங்கே போனது. நூறு கிராம் வெந்த சோற்றில் புரதம் 3 கிராம்கூடத் தேறாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. நூறு கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம், அதுவும் ஊறி வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். சோற்றில் இரண்டு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் சுண்டல் வைத்துப் பாருங்கள். ராத்திரி ஊறப்போட மறந்தால் பச்சைப்பயறு கைகொடுக்கும், ஊறாமலே குக்கரில் வெந்துவிடும்.

இதை நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் அரிசியும் பருப்பும், திருநெல்வேலிப் பக்கம் உளுந்தஞ்சோறு. இரண்டிலும் பருப்பு சோற்றோடு சேர்ந்தே வெந்துவிடுகிறது, தனியாகக் குழம்பு வேண்டாம். அரிசியும் பருப்பும் என்றால், ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு துவரம் பருப்பு, கை நிறையச் சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை. தாளித்து, தண்ணீர் விட்டு, மூன்று விசில். தமிழ்நாட்டு ரேஷனில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு 30 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், அதுவே இதற்குப் போதும். இங்கே செய்கிற தவறு, வீட்டில் சுடச்சுடச் சாப்பிடுகிற அதே பதத்தில் டப்பாவுக்கும் வைப்பது. பருப்பு ஆற ஆற இறுகும். மதியம் திறந்தால் செங்கல் மாதிரி இருக்கும், கரண்டி நட்டுக்கொண்டு நிற்கும். தண்ணீரை அரை டம்ளர் கூட்டி வைத்து, இறக்கியதும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் சரியாக வரும். உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல் வைத்துவிட்டால் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள்.

சில்லறைத் தவறுகள் சிலவும் உண்டு. வெள்ளரிக்காயை உப்புப் போட்டு வைத்தால் மதியத்துக்குள் தண்ணீர் விட்டு மிதக்கும். உப்பைத் தனியாக மடித்துக் கொடுங்கள். சப்பாத்தியைச் சூட்டோடு சுற்றி மூடினால் அடியில் இருப்பது நனைந்துபோகும், ஆறவிட்டுத் துணியில் மடித்து வைக்கலாம். புளிசாதத்தையும் எலுமிச்சை சாதத்தையும் அலுமினிய ஃபாயிலில் கட்டாதீர்கள், புளிப்பு அதை அரிக்கும். எவர்சில்வர் டப்பா ஒரு முறை வாங்கினால் போதும். ஆனால் அதன் மூடியைக் குழந்தையால் திறக்க முடிகிறதா என்று வீட்டிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் மகன் ஒரு வாரம் முழுக்க டப்பாவைத் திறக்க முடியாமல், பக்கத்துப் பையனிடம் வாங்கித் தின்றிருக்கிறான்.

அப்புறம், தினமும் புதுசாக ஏதாவது என்ற ஆசை. ஒரு நாள் வீடியோவில் பார்த்து சீஸும் குடைமிளகாயும் வாங்கி வந்தேன். அந்தக் காசில் ஒரு வாரச் சுண்டலே முடிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை புளிசாதம் என்றால் எல்லாச் செவ்வாயும் புளிசாதமாகவே இருக்கட்டும். நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி வைத்த புளிக்காய்ச்சல் இருந்தால் காலையில் கலந்து ஆறவிடுவது மட்டும்தான் வேலை.

சாயங்காலம் டப்பாக்களைக் கழுவப் போடும்முன் நான் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன். போன வாரம் சின்னவன் டப்பாவில் ஏழு பீன்ஸ் துண்டுகள் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தான். சோறும் கடலையும் ஒரு பருக்கை மிச்சமில்லை. அடுத்த நாள் பீன்ஸைப் பொடியாக நறுக்கிக் கடலையோடு சேர்த்தே வதக்கினேன். மூன்று துண்டு திரும்பி வந்தது.