இரைச்சலை அடக்கிய வரிசை

கொழும்பு வெள்ளவத்தையில் மாடிவீடுகள் நெருக்கம். பொழுதுபட்டால் எல்.ஈ.டி. மின்குமிழ்களும் சார்ஜர்களும் அமெச்சூர் வானொலியாளர்கள் (ஹாம்) பேசும் 7 மெகாஹேர்ட்ஸ் பட்டையை இரைச்சலால் நிரப்பிவிடும். டிரான்ஸீவரில் (அனுப்பவும் பெறவும் உதவும் வானொலிக் கருவி) டி.எஸ்.பி.யை, அதாவது சமிக்ஞையை எண்களாக்கிச் சீர்செய்யும் வசதியை, பழகத் தொடங்கியபோது முதலில் வடிகட்டி உள்ளே விடும் அலைவரிசையின் அகலத்தைச் சரிசெய்தேன். குரலுக்கு 2.4 கிலோஹேர்ட்ஸ், புள்ளியும் கோடுமாக வரும் மோர்ஸுக்கு 500 ஹேர்ட்ஸ். பெருந்தொல்லை அங்கேயே ஒழிந்தது. பிறகு ஆர்.எப். கெயினை, அதாவது உள்ளே வரும் சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, சற்று இறக்கினேன். சொற்களுக்கு இடையில் பொங்கிய இரைச்சல் அடங்கியது.

இரைச்சல் குறைப்பைக் கடைசியாக, மெல்ல மெல்லக் கூட்டினேன். அளவு மீறினால் குரல் தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் குழையும். அதற்கு ஒரு படி முன்னே நிறுத்தினேன். சென்னை நிலையம் ஒன்றின் அடையாளமான அழைப்புக்குறி எழுத்தெழுத்தாகத் தெளிந்தது, என்ன ஆனந்தம்!

இடையில் நுழையும் விசில் ஒலிக்குத் தானியங்கி நாட்ச் (அந்த ஒற்றை ஒலியை மட்டும் வெட்டும் வடிகட்டி) அருமையானது. மோர்ஸ் கேட்கும்போது மட்டும் அதை அணைத்துவிடுங்கள். விசிலென்று எண்ணி மோர்ஸையே விழுங்கிவிடும்.