மலைப்பாடல் காட்சிகளில் பார்வை யாருடையது: கவனித்துப் பார்க்கும் முறை

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ படமாக்கப்பட்ட ஒரு பாடல் காட்சியில் ஆணும் பெண்ணும் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்று ஆராய விரும்புபவர், முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இசை ஒலித்துக்கொண்டிருந்தால் ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒவ்வொரு ஷாட்டிலும் யார் பார்க்கிறார், யார் பார்க்கப்படுகிறார், உடலின் எந்தப் பகுதி சட்டகத்துக்குள் இருக்கிறது என்பதைத் தாளில் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். இவற்றுள் முதல் கேள்வியே முக்கியமானது. தொட்டபெட்டாவுக்கோ தூண்பாறைக்கோ வருபவர்கள் மலையைப் பார்க்கவே வருகிறார்கள். ஆனால் பல பாடல்களில் நாயகன் பள்ளத்தாக்கை நோக்கினால் அடுத்த ஷாட்டில் பள்ளத்தாக்கு விரிகிறது, நாயகி நோக்கினாலோ அவளுடைய முகமும் கூந்தலுமே மீண்டும் வருகின்றன. அவள் கண்ட மலை நமக்குக் காட்டப்படுவதில்லை. உங்கள் குறிப்பில் இத்தகைய இடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள்.

பிரிட்டிஷ் திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் வெளியிட்ட கட்டுரையில் கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, கதைமாந்தர் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை என மூன்றைப் பிரித்துக் காட்டி, ‘ஆண் பார்வை’ என்ற கருத்தை, அதாவது படம் ஆணைப் பார்ப்பவனாகவும் பெண்ணைப் பார்க்கப்படும் பொருளாகவும் அமைக்கிறது என்பதை, முன்வைத்தார். அவர் எடுத்துக்கொண்டவை ஹாலிவுட் கதைப்படங்கள். நம் பாடல்களில் நாயகி நேராகக் கேமராவைப் பார்த்தே ஆடுவதும் உண்டு என்பதால், அந்த அளவுகோலை அப்படியே பொருத்தாமல், அவள் நம்மைப் பார்க்கும் ஷாட்களைத் தனியாகக் குறிப்பது நல்லது. அந்தப் பார்வை சில பாடல்களில் அழைப்பாகவும், சிலவற்றில் சவாலாகவும் இருக்கும்.

அடுத்து, குளிரைக் கவனியுங்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி படியும் ஊட்டிப் புல்வெளியில் நாயகன் ஜாக்கெட்டும் மஃப்ளருமாக நிற்க, நாயகி மெல்லிய ஷிஃபான் சேலையில் ஆடினால், சட்டகம் யாருடைய வசதிக்காக அமைக்கப்பட்டது என்பது விளங்கிவிடும். ஆடை எவ்வளவு குறைவு என்று அளக்கத் தொடங்கினால் ஆய்வு ஒழுக்க உபதேசமாகிவிடும் (அதைச் செய்ய ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்). இருவருக்கும் ஒரே குளிர்தானா என்பதே கேள்வி.

பழகிப்பார்க்க, 1998-இல் வெளியான ‘உயிரே’ படத்தில் நீலகிரி மலை ரயிலின் கூரைமீது ஆடப்படும் பாடலை எடுத்துக்கொள்ளலாம். மலைகா அரோரா அந்தப் பாடலில் மட்டுமே வருகிறார். கதையில் அவருக்கு இடமில்லை. ஆயினும் ஓடும் ரயிலில் நாயகனோடு சேர்ந்து ஆடும் அவரை வெறும் காட்சிப்பொருள் என்று ஒதுக்கிவிடவும் முடியாது என்பதே என் கருத்து.

தேயிலைத் தோட்டப் பாடல் என்றால் பின்னணியையும் விட்டுவிடாதீர்கள். கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை ஷாட்களில் முகத்தோடு தெரிகிறார்கள், எத்தனையில் கூடையும் முதுகுமாக மட்டும் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள். 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் பல நீலகிரித் தோட்டங்களில் உழைப்பதை அறிந்தவருக்கு, அவர்கள் அலங்காரமாக நிறுத்தப்படுவது கூடுதலாக உறுத்தும்.

பிறகு ஒலியோடு பார்த்து, பாடல் வரியில் ‘நான்’ என்று பேசுவது யார் என்பதைக் குறியுங்கள். பெண் குரல் பாடும்போதும் கேமரா நாயகனின் இடத்திலேயே நிற்கிறதா என்று சரிபாருங்கள். இறுதியாக, உங்கள் ஷாட் பட்டியலில் ஆண், பெண் பெயர்களை இடம்மாற்றி வாசியுங்கள். சிரிப்பு வரும் வரிகளை அடிக்கோடிட்டு, கட்டுரையை அவற்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.